அரசு ரகசியமும் சித்திரவதை வழக்குகளும்: பினியம் முகமது வழக்கை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவலில் சித்திரவதைக்கு உள்ளானதாகச் சொல்லும் ஒருவர் நீதிமன்றத்துக்கு வருகிறார். அவருக்கு நடந்ததைக் காட்டும் ஆவணங்கள் அரசின் கையில் இருக்கின்றன. அவற்றை வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு வரும் என்று அரசு சொல்கிறது. நீதிபதி என்ன செய்ய வேண்டும்? 2010-ஆம் ஆண்டில் ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு வழக்குகளில், லண்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதற்கு நேரெதிரான விடைகளைத் தந்தன. இடையில் கழிந்தது ஏழு மாதம்தான். அந்த இரண்டு வழக்குகளையும் அவற்றுக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் இங்கே கேள்வி பதிலாகத் தருகிறோம்.

பினியம் முகமது யார்?

எத்தியோப்பியாவில் பிறந்தவர். 1994-இல் இளைஞராக பிரிட்டனுக்கு வந்து தஞ்சம் கோரினார். அங்கே தங்க அனுமதி கிடைத்தது. 2001-இல் ஆப்கானிஸ்தானுக்குப் போனார். 2002 ஏப்ரலில், பிரிட்டன் திரும்புவதற்காகக் கராச்சி விமான நிலையத்துக்கு வந்தபோது போலிக் கடவுச்சீட்டுடன் பிடிபட்டார். பாகிஸ்தான் காவலில் அமெரிக்க அதிகாரிகள் அவரை விசாரித்தார்கள். அந்த ஆண்டு மே 17 அன்று பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5-இன் அதிகாரி ஒருவரும் கராச்சியில் அவரைச் சந்தித்து விசாரித்தார். நீதிமன்ற ஆவணங்களில் அந்த அதிகாரிக்கு 'சாட்சி பி' என்று பெயர்.

அதன்பின் நடந்ததாக அவர் சொன்னது இது: 2002 ஜூலையில் விமானத்தில் ஏற்றி மொராக்கோவுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே ஒன்றரை ஆண்டுகள் அடைத்துவைத்து அடித்தார்கள். அறுவைக் கத்தியால் உடலைக் கீறினார்கள். 2004 ஜனவரியில் காபூலில் வெளிச்சமே நுழையாத ஒரு சிறைக்கு மாற்றினார்கள். பிறகு ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகளின் பக்ராம் தளம். 2004 செப்டம்பரில் கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவான்டனாமோ.

2008-இல் அவர்மீது ராணுவ ஆணையத்தில் (குவான்டனாமோ கைதிகளுக்கான அமெரிக்க ராணுவ நீதிமன்றம்) சாட்டப்பட்ட குற்றங்கள் அதே ஆண்டு அக்டோபரில் கைவிடப்பட்டன. 2009 பிப்ரவரி 23 அன்று விடுதலையாகி பிரிட்டன் திரும்பினார்.

அவர் பிரிட்டன் நீதிமன்றத்தில் கேட்டது பணமா?

பின்னாளில் இழப்பீடும் கேட்டார். ஆனால் முதல் வழக்கில் கேட்டது ஆவணங்களைத்தான். 2008 மே மாதத்தில் அவர் இன்னும் குவான்டனாமோவில் இருந்தார். அவர்மீதான வழக்குக்கு ஆதாரமாக அமெரிக்கா வைத்திருந்தவை அவருடைய வாக்குமூலங்கள். சித்திரவதையால் பெறப்பட்ட வாக்குமூலங்கள் அவை என்று நிரூபிக்க வேண்டுமானால், 2002-இல் பாகிஸ்தானில் என்ன நடந்தது என்று அமெரிக்கா பிரிட்டனுக்கு எழுதிய அறிக்கைகள் வேண்டும். அப்படிப்பட்ட 42 ஆவணங்கள் பிரிட்டன் அரசிடம் இருந்தன.

இதற்கு அவருடைய வழக்குரைஞர்கள் பயன்படுத்திய சட்டவழி, 1973-இல் கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருளின் காப்புரிமைத் தகராறில் பிறந்தது. நார்விச் பார்மகல் என்ற நிறுவனத்தின் காப்புரிமையை மீறிச் சரக்கு இறக்குமதி செய்தவர்களின் பெயர்கள் சுங்கத் துறையிடம் இருந்தன. தெரியாமலேயே ஆனாலும் ஒரு தவறுக்குத் துணைபோனவர், பாதிக்கப்பட்டவருக்குத் தன்னிடமுள்ள தகவலைத் தர வேண்டும் என்று, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை அப்போது தீர்ப்பளித்தது. வணிகர்களுக்காக வந்த அந்த விதியைத்தான் குவான்டனாமோ கைதிக்காக எடுத்துவந்தார்கள். 2008 ஆகஸ்ட் 21 அன்று நீதிபதிகள் தாமஸ், லாய்ட் ஜோன்ஸ் இருவரும் அதை ஏற்றார்கள். பிரிட்டன் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்ற சாட்சி என்ற நிலையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது என்பது அவர்களுடைய முடிவு. ஆவணங்களை வழக்குரைஞர்களிடம் ரகசியமாகக் கொடுக்கும் கடமை அரசுக்கு உண்டு என்றார்கள்.

அப்படியானால் சண்டை அங்கேயே முடிந்திருக்க வேண்டுமே?

ஆவணங்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சில பகுதிகள் மறைக்கப்பட்ட நிலையில் அவை அமெரிக்க நீதிமன்ற நடவடிக்கையின் வழியாகவே வழக்குரைஞர்களுக்குக் கிடைத்துவிட்டன. ஆனால் தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் அந்த ஆவணங்களில் உள்ளதை ஏழு சிறு பத்திகளாகச் சுருக்கித் தீர்ப்பிலேயே சேர்த்திருந்தார்கள். வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் கேட்டுக்கொண்டதால் அவை வெளியிடப்பட்ட தீர்ப்பிலிருந்து நீக்கப்பட்டன. அந்த ஏழு பத்திகளைப் பொதுமக்கள் படிக்கலாமா என்பதற்காக ஒன்றரை ஆண்டுகள் வழக்கு நடந்தது. பிரிட்டனையும் அமெரிக்காவையும் சேர்ந்த செய்தி நிறுவனங்களும் அதில் இணைந்தன.

இதை ஊடக உரிமைச் சண்டை என்று சுருக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நீதிமன்றம் தான் கண்டறிந்ததைத் தன் தீர்ப்பிலேயே எழுத முடியாது என்றால், அந்தத் தீர்ப்பு மக்களுக்குச் சொல்வது என்ன?

அந்த ஏழு பத்திகளில் என்னதான் இருந்தது?

வெளிவந்த பிறகு படித்தவர்களுக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி, அவற்றில் உளவு ரகசியம் எதுவுமே இல்லை என்பது. உளவாளியின் பெயர் இல்லை. ஒட்டுக்கேட்கும் முறை இல்லை. நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கை இல்லை. இருந்தவை இவை:

2002 மே 17-க்கு முன்பு, விசாரணை நிபுணர் ஒருவர் வகுத்த புதிய உத்தியின்படி அமெரிக்க அதிகாரிகள் புதிய தொடர் விசாரணை நடத்தினார்கள். அதில் அவரை வேண்டுமென்றே தொடர்ந்து தூங்கவிடாமல் செய்தார்கள். அதன் விளைவுகளைக் கவனமாகக் குறித்துவந்தார்கள். மிரட்டினார்கள், ஆசையும் காட்டினார்கள். அமெரிக்கக் காவலிலிருந்து வேறெங்கோ அனுப்பப்பட்டு அடையாளமில்லாமல் போய்விடுவோமோ என்ற அவருடைய அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். விசாரணையின்போது விலங்கிட்டிருந்தார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வாரோ என்று கண்காணிப்பில் வைக்கும் அளவுக்கு அவர் மனம் துன்புற்றிருந்தது. இந்த அறிக்கைகள் எம்.ஐ.5-க்கு வந்துசேர்ந்திருந்தன, படிக்கும் எவருக்கும் அவருக்கு என்ன செய்யப்படுகிறது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று முடிவுசெய்ய நேர்ந்ததற்கு நீதிபதிகள் வருந்தினார்கள். கடைசிப் பத்தியில், இதே நடத்தை பிரிட்டன் சார்பில் நிகழ்ந்திருந்தால் 1972-இல் பிரிட்டன் அளித்த உறுதிமொழிகளை மீறியதாக இருந்திருக்கும் என்றும், மிகக் குறைந்தபட்சமாகப் பார்த்தாலும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று இதை எளிதாக வாதிடலாம் என்றும் எழுதினார்கள்.

மொராக்கோவைப் பற்றி இவற்றில் ஒரு சொல் கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இவை பாகிஸ்தானில் நடந்ததைப் பற்றியவை. அறுவைக் கத்திக் குற்றச்சாட்டை இந்தப் பத்திகள் உறுதிப்படுத்தியதாகச் சிலர் எழுதுவது தவறு.

1972 உறுதிமொழி என்பது என்ன?

வட அயர்லாந்தில் 1971-இல் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர்கள்மீது பிரிட்டிஷ் படைகள் ஐந்து முறைகளைக் கையாண்டன: தலையை மூடுதல், சுவரோடு நெடுநேரம் நிற்கவைத்தல், இடைவிடாத இரைச்சல், தூக்கத்தைப் பறித்தல், உணவும் நீரும் மறுத்தல். விவகாரம் வெளியானதும் பிரதமர் எட்வர்ட் ஹீத் 1972 மார்ச்சில் நாடாளுமன்றத்தில், இவை இனி விசாரணைக்குத் துணையாகப் பயன்படுத்தப்பட மாட்டா என்று உறுதியளித்தார். 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவற்றை மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தை என்றது. சித்திரவதை என்று சொல்லத் தயங்கியது. அந்தத் தயக்கத்தை 2001-க்குப் பிறகு அமெரிக்க அரசின் சட்ட ஆலோசகர்கள் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டினார்கள் என்பது இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி.

ரகசியம் என்று அரசு சொல்லிவிட்டால் நீதிபதி ஒன்றும் செய்ய முடியாதா?

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

பிரிட்டனில் அமைச்சர் ஒரு சான்றிதழில் கையெழுத்திட்டுத் தருகிறார். இன்ன ஆவணத்தை வெளியிட்டால் பொதுநலனுக்கு இன்ன கேடு நேரும் என்று அதில் விளக்க வேண்டும். நீதிபதி ஆவணத்தை வாங்கிப் படித்துவிட்டு, வெளியிடுவதால் வரும் கேட்டையும் மறைப்பதால் நீதிக்கு வரும் கேட்டையும் எடைபோடுகிறார். இறுதி முடிவு நீதிபதியுடையது. இதற்குப் பொதுநலன் விலக்குரிமை என்று பெயர்.

அமெரிக்காவில் இருப்பது அரசு ரகசியச் சிறப்புரிமை. துறைத் தலைவர் நேரடியாக ஆராய்ந்து முறைப்படி கோர வேண்டும். வெளியிட்டால் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து வருவதற்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும், கதவு மூடிவிடும். பாதிக்கப்பட்டவரின் தேவை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது தராசில் ஏறுவதில்லை. ஏனென்றால் அங்கே தராசே இல்லை. அதைவிட மோசமானது, குறிப்பிட்ட ஆவணத்தை ஒதுக்கிவிட்டு மீதியை வைத்து வழக்கை நடத்தவும் பல சமயங்களில் விடுவதில்லை. ரகசியத்தைத் தொடாமல் வழக்கு நடத்த இயலாது என்று சொல்லி, முதல் படியிலேயே வழக்கு முழுவதையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன?

இரண்டுமே, விபத்தில் கணவனை இழந்த பெண்கள் தொடுத்த வழக்குகளிலிருந்து வந்தன. இதைப் பலர் அறிவதில்லை.

1939 ஜூனில் தெட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டத்தின்போது மூழ்கி 99 பேர் இறந்தார்கள். குடும்பத்தினர் கப்பலைக் கட்டிய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து அதன் வரைபடங்களைக் கேட்டார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-இல், அமைச்சர் ரகசியம் என்று சொன்னால் நீதிமன்றம் அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

1948 அக்டோபரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வேக்ராஸ் என்ற ஊர் அருகே ஒரு பி-29 ரக ராணுவ விமானம் தீப்பிடித்து விழுந்தது. அதில் சோதனைக் கருவிகளோடு பயணம் செய்த பொறியாளர்களும் இறந்தார்கள். அவர்களில் மூவரின் மனைவியர் விபத்து அறிக்கையைக் கேட்டார்கள். விமானப் படை மறுத்தது. 1953-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. ரெனால்ட்ஸ் வழக்கு என்று அறியப்படும் இதில் தெட்டிஸ் தீர்ப்பும் துணைக்கு அழைக்கப்பட்டது. தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஒருவர் கூட அந்த அறிக்கையைப் படிக்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, ரகசியம் நீக்கப்பட்ட அந்த அறிக்கை இறந்தவர் ஒருவருடைய மகளின் கண்ணில் பட்டது. விமானத்தின் பராமரிப்பில் இருந்த குறைகளைத்தான் அது பெரிதும் பேசியது. ரகசியக் கருவிகளைப் பற்றிச் சொல்லத்தக்க விவரம் இல்லை. குடும்பங்கள் மீண்டும் நீதிமன்றம் போய் 2005-இல் தோற்றன. அரசு ஏமாற்றியது என்று நிரூபிக்க இது போதாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

பிரிட்டன் 1968-இல் கான்வே எதிர் ரிம்மர் வழக்கில் தெட்டிஸ் தீர்ப்பைக் கைவிட்டது. அன்றிலிருந்து நீதிபதி ஆவணத்தைப் பார்க்கலாம், எடைபோடலாம். அமெரிக்கா ரெனால்ட்ஸைக் கைவிடவே இல்லை. சித்திரவதை வழக்குகளில் இரு நாடுகளும் பிரிந்துபோவதற்கான முதன்மைக் காரணம் இந்த இடம்தான் என்பது என் உறுதியான கருத்து. ரகசியம் என்ற கோரிக்கையை நீதிபதி சொந்தக் கண்ணால் படித்துச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளும் இடத்தில், அது எதை வேண்டுமானாலும் மறைக்கும்.

பிரிட்டன் அரசின் வாதத்தில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு உளவுத் தகவல் தரும்போது, அதை எப்போது எவரிடம் வெளியிடலாம் என்பதைத் தந்த நாடே முடிவுசெய்யும். கொடுத்தவரின் அனுமதியில்லாமல் வாங்கியவர் வெளியிட்டால், அடுத்த முறை கொடுக்கத் தயங்குவார்கள். ஓர் ஊரில் குண்டு வைக்கப் போகிறார்கள் என்ற தகவல் வராமல் போனால் உயிர்கள் போகும். அதை எந்த நீதிபதியும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வழக்கில் எடுத்துக்கொள்ளவும் இல்லை. 2009 பிப்ரவரியில் அதே இரு நீதிபதிகளும் மனமில்லாமல் பத்திகளை மறைத்தே வைத்தார்கள். அமெரிக்கா தகவல் பகிர்வை மறுபரிசீலனை செய்யும் என்று அமைச்சர் சொன்னதுதான் காரணம். ஒரு ஜனநாயக நாடு, இன்னொரு ஜனநாயக நாட்டின் நீதிமன்றம் தன் தீர்ப்பில் இப்படிப்பட்ட சான்றின் சுருக்கத்தைக் கூட எழுதக் கூடாது என்று எதிர்பார்க்கும் என நாங்கள் நினைத்திருக்கவில்லை என்று அப்போது அவர்கள் எழுதினார்கள்.

ஆனால் தகவலைப் பாதுகாப்பதும் தகவல் பெறப்பட்ட விதத்தைப் பாதுகாப்பதும் ஒன்றாகிவிடாது. தூங்கவிடாமல் வைத்தார்கள் என்ற செய்தி எந்த உளவாளியையும் காட்டிக்கொடுக்காது. அது வெளிவந்தால் சங்கடப்படுபவர்கள் அதைச் செய்தவர்களும், தெரிந்திருந்தும் கேள்விகளை அனுப்பிக்கொண்டிருந்தவர்களும்தான்.

பிறகு எப்படி அவை வெளியாயின?

2009 அக்டோபரில் இரு நீதிபதிகளும் வெளியிடலாம் என்று முடிவை மாற்றினார்கள். அரசு மேல்முறையீடு செய்தது. இதற்கிடையில் 2009 நவம்பரில், வாஷிங்டனில் மாவட்ட நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் வேறொரு குவான்டனாமோ கைதியின் மனுவை விசாரித்தார். அந்தக் கைதிக்கு எதிரான சான்று, பினியம் முகமது சொன்னதாகக் கூறப்பட்ட வாக்குமூலம். சித்திரவதையின் விளைவான அந்த வாக்குமூலத்தை நம்ப முடியாது என்று கெஸ்லர் ஒதுக்கினார். பினியம் முகமது விவரித்த சித்திரவதையை அமெரிக்க அரசு அந்த வழக்கில் மறுக்கவே இல்லை.

அமெரிக்க நீதிமன்றமே வெளிப்படையாக எழுதிவிட்டதை லண்டனில் மறைத்துவைப்பதில் என்ன பொருள்? 2010 பிப்ரவரி 10 அன்று தலைமை நீதிபதி ஜட்ஜ் பிரபு (ஜட்ஜ் என்பது அவருடைய பெயர்), நியூபெர்கர் பிரபு, சர் ஆன்டனி மே மூவரும் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். அன்றே ஏழு பத்திகளும் வெளியாயின. வெள்ளை மாளிகை ஏமாற்றம் தெரிவித்தது. ஆனால் இரு நாட்டு உளவுக் கூட்டுறவு முறிந்துபோகவில்லை.

இந்த வெற்றியை மிகைப்படுத்தவும் கூடாது. கெஸ்லரின் தீர்ப்பு வந்திராவிட்டால் விடை வேறாக இருந்திருக்கலாம் என்பதற்கான குறிப்புகள் அந்தத் தீர்ப்பிலேயே உண்டு.

168-ஆம் பத்தி விவகாரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

நியூபெர்கர் பிரபு எழுதிய வரைவில், இந்த விஷயத்தில் எம்.ஐ.5-இன் நேர்மையைக் கடுமையாகச் சாடும் ஒரு பத்தி இருந்தது. வரைவு வழக்கப்படி இரு தரப்புக்கும் முன்கூட்டியே தரப்பட்டிருந்தது. அரசின் வழக்குரைஞர் ஜொனாதன் சம்ப்ஷன் அதை மாற்றும்படி நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். பத்தி மென்மையாக்கப்பட்டது. மற்ற தரப்புகள் எதிர்த்தன; கடிதமும் வெளிவந்தது. நீதிமன்றம் மீண்டும் ஆராய்ந்து பிப்ரவரி 26 அன்று புதிய வடிவத்தை வெளியிட்டது. பினியம் முகமது தவறாக நடத்தப்பட்டதில் தங்களுக்கிருந்த தொடர்பு பற்றியும் அதை ஒளிவுமறைவின்றிச் சொன்னது பற்றியும், எம்.ஐ.5 அதிகாரிகள் சிலரின் முந்தைய நடத்தை ஐயத்துக்குரியதாகத் தெரிகிறது என்ற கருத்து அதில் நிலைத்தது.

அமெரிக்காவில் அவர் தொடுத்த வழக்கு என்ன ஆனது?

2007 மே மாதத்தில் அவரும் வேறு சிலரும் சேர்ந்து கலிஃபோர்னியாவில் ஜெப்பெசன் டேட்டாப்ளான் என்ற நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். அப்போது போயிங்கின் துணை நிறுவனமாக இருந்தது அது. கைதிகளை ரகசியமாகக் கடத்திச் சென்ற விமானங்களுக்குப் பயணத் திட்டம், எரிபொருள், தரையிறங்கும் அனுமதி ஆகியவற்றை ஏற்பாடு செய்தது என்பது குற்றச்சாட்டு. வாதிகள் ஐவர். அரசின்மீது அவர்கள் வழக்கே தொடுக்கவில்லை. ஆனால் அரசு தானாக உள்ளே வந்து ரகசியச் சிறப்புரிமையைக் கோரியது. புஷ் அரசு போய் ஒபாமா அரசு வந்த பிறகு, 2009 பிப்ரவரியில், நிலைப்பாடு மாறுமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். மாறாது என்ற பதில் வந்தது. நம்பிக்கையோடு காத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்த வழக்கை, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2009 ஏப்ரலில் உயிர்ப்பித்தது. 2010 செப்டம்பர் 8 அன்று பதினொரு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் அதை முடித்துவைத்தது. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. பதினொருவர் அமர்வில் வேறுபாடு ஒரே ஒரு வாக்கு! பெரும்பான்மையினருக்கும் மனம் ஒப்பவில்லை என்பது தீர்ப்பைப் படித்தால் தெரிகிறது. அரசே முன்வந்து இழப்பீடு தரலாம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விசாரிக்கலாம் என்று யோசனை சொல்லி முடித்தார்கள். சுவீடன் போன்ற நாடுகள் அப்படிச் செய்தன. அதே வழக்கின் மற்றொரு வாதியான அகமது அகீசாவுக்கு அந்நாடு இழப்பீடு தந்தது. அமெரிக்கா தரவில்லை.

ஊரறிந்த விஷயத்தைக் கூட ரகசியம் என்று சொல்ல முடியுமா?

சொல்லியிருக்கிறார்கள், வென்றும் இருக்கிறார்கள்.

காலித் எல்-மஸ்ரி ஜெர்மன் குடிமகன். 2003-இன் கடைசி நாளில் மாசிடோனிய எல்லையில், வேறொருவர் என்று தவறாக எண்ணிப் பிடிக்கப்பட்டார். ஸ்கோப்யே நகர ஹோட்டல் ஒன்றில் 23 நாள் அடைத்துவைத்துப் பிறகு சி.ஐ.ஏ.விடம் ஒப்படைத்தார்கள். ஆப்கானிஸ்தானில் பல மாதச் சிறை. 2004 மே மாதத்தில் அல்பேனியாவில் கொண்டுபோய் விட்டார்கள். அவருடைய கதையை உலகமே படித்துவிட்டது. ஆனாலும் 2007-இல் அமெரிக்க நான்காவது வட்டார நீதிமன்றம், ரகசியத்தைத் தொடாமல் இந்த வழக்கை நடத்த இயலாது என்று தள்ளுபடி செய்தது. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை அதே உண்மைகளை வைத்து, ஸ்கோப்யே விமான நிலையத்தில் அவருக்கு நடந்தது சித்திரவதை என்றும் அதற்கு மாசிடோனியா பொறுப்பு என்றும் தீர்ப்பளித்து 60,000 யூரோ இழப்பீடு விதித்தது. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் ரகசியமாக இருந்தது, மறு கரையில் தீர்ப்பாக அச்சானது.

இரண்டாவது எடுத்துக்காட்டு அபு சுபைதா. 2002-இல் பாகிஸ்தானில் பிடிபட்டவர். முகத்தில் துணியிட்டு நீரூற்றி மூச்சுத் திணறவைக்கும் கொடுமையை 83 முறை அனுபவித்தவர் என்று அமெரிக்க அரசின் ஆவணங்களே சொல்கின்றன. போலந்தில் சி.ஐ.ஏ. ரகசியச் சிறை இருந்தது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. போலந்துக் குற்றவியல் விசாரணைக்காக, அந்த விசாரணை முறைகளை வகுத்த மிட்செல், ஜெசன் என்ற இரு உளவியலாளர்களின் சாட்சியம் கேட்கப்பட்டது. 2022 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்ததாகவே இருந்தாலும், சி.ஐ.ஏ.வின் ஒப்பந்தக்காரர்கள் வாயிலிருந்து உறுதிப்படுத்தல் வந்தால் அது வேறு என்பது பெரும்பான்மையின் வாதம். கோர்சச், சோட்டோமேயர் என்ற, சட்டப் பார்வையில் எதிரெதிர் முனைகளில் நிற்கும் இரு நீதிபதிகள் சேர்ந்து மறுப்புத் தீர்ப்பு எழுதினார்கள். குடிமக்களாக நமக்கு உண்மை என்று தெரிந்ததை நீதிபதிகளாக அறியாதவர் போல இருக்கக் கூடாத கட்டம் ஒன்று உண்டு என்பது அதன் சாரம். நான் அவர்கள் பக்கம்.

அவர்கள் உண்மையிலேயே பயங்கரவாதிகளாக இருந்தால்?

எல்-மஸ்ரி வேறொருவர் என்று தவறாக எண்ணிப் பிடிக்கப்பட்டவர். பினியம் முகமது மீது கதிரியக்கக் குண்டுத் திட்டம் உட்படக் கடுமையான குற்றச்சாட்டுகள் இருந்தன. அவற்றை அரசு கைவிட்டது. அபு சுபைதாமீது குற்றமே சாட்டப்படவில்லை. ஆனால் மூவரும் குற்றவாளிகளாக இருந்திருந்தாலும் விடை மாறாது. ஐ.நா.வின் 1984-ஆம் ஆண்டுச் சித்திரவதைத் தடை உடன்படிக்கை போரையோ நெருக்கடியையோ காரணம் காட்டக் கூட இடம் தரவில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் அதில் கையெழுத்திட்டவை. வலி தாங்காமல் சொன்ன பொய்யை நம்பி இன்னொருவரைச் சிறையில் வைத்திருந்ததைத்தான் கெஸ்லர் கண்டார்.

பிரிட்டனில் இன்று நிலைமை எப்படி?

பின்னடைவு. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

குவான்டனாமோவிலிருந்து வந்தவர்கள் இழப்பீடு கேட்ட வழக்கில், வாதிக்குக் காட்டாமல் நீதிபதிக்கு மட்டும் ஆவணங்களைக் காட்டி வாதாட அரசு அனுமதி கேட்டது. 2010 நவம்பரில் அரசு பதினாறு பேருடன் சமரசம் செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை, பொறுப்பும் ஏற்கப்படவில்லை. ஆனாலும் சட்டக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் அப்படி ஒரு மூடிய விசாரணையை நீதிமன்றங்களே உருவாக்கிக்கொள்ள முடியாது என்று 2011 ஜூலையில் தீர்ப்பு வந்தது. உடனே அரசு சட்டம் இயற்றக் கிளம்பியது. 2013-ஆம் ஆண்டின் நீதி மற்றும் பாதுகாப்புச் சட்டம், உரிமையியல் வழக்குகளிலும் மூடிய விசாரணையைக் கொண்டுவந்தது. பினியம் முகமதுக்கு உதவிய நார்விச் பார்மகல் வழியையும் உளவுத் தகவல்களைப் பொறுத்தவரை அடைத்துவிட்டது. அவர் வென்ற அதே வழியில் இனி ஒருவர் வர முடியாது.

மூடிய விசாரணையில் வாதிக்காக யாரும் பேச மாட்டார்களா?

பாதுகாப்பு அனுமதி பெற்ற சிறப்பு வழக்குரைஞர் ஒருவர் பேசுவார். ஆனால் ரகசிய ஆவணத்தைப் பார்த்த பிறகு, நீதிமன்ற அனுமதியில்லாமல் அவர் வாதியிடம் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. "அன்று நீங்கள் அந்த ஊரில் இருந்தீர்களா?" என்று கூடக் கேட்க முடியாது. தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று வாதிக்கு முழுமையாகத் தெரியாது. இந்த வேலையைச் செய்துவந்த சிறப்பு வழக்குரைஞர்களே, பெரும்பான்மையாகச் சேர்ந்து, இது அடிப்படையிலேயே நியாயமற்றது என்று அந்த மசோதாவை எதிர்த்தார்கள். அவர்களைவிட நெருக்கமாக இதை அறிந்தவர்கள் யார்?

ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே உண்மையைக் கண்டறிந்த நாடு ஏதாவது உண்டா?

கனடாவைச் சொல்லலாம். சிரியாவில் பிறந்த கனடியக் குடிமகன் மஹர் அரார் 2002 செப்டம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டு சிரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஏறக்குறைய ஓர் ஆண்டு சிறையும் சித்திரவதையும். அமெரிக்க நீதிமன்றங்கள் அவருடைய வழக்கைத் தள்ளின. கனடா, நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அவர் ரகசிய ஆவணங்களைப் படித்து 2006-இல் அறிக்கை தந்தார். எந்தப் பகுதிகளை மறைப்பது என்ற தகராறில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஒருவர் வரி வரியாகப் பார்த்து, சிலவற்றை வெளியிட 2007-இல் உத்தரவிட்டார். பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஒரு கோடியே ஐந்து லட்சம் கனடிய டாலர் இழப்பீடு தரப்பட்டது. இதனால் கனடாவின் பாதுகாப்பு சரிந்துவிடவில்லை.

அமெரிக்காவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. மேலே சொன்ன மிட்செல், ஜெசன் இருவர்மீதும் சி.ஐ.ஏ. சிறைகளில் இருந்த இருவரும், அங்கே குளிரில் உறைந்து இறந்த குல் ரஹ்மானின் குடும்பமும் 2015-இல் வழக்குத் தொடுத்தார்கள். சி.ஐ.ஏ.வின் விசாரணை முறைகளை ஆராய்ந்த செனட் குழுவின் அறிக்கைச் சுருக்கம் 2014 டிசம்பரில் வெளியாகிவிட்டிருந்ததால், வழக்கையே தள்ளுபடி செய்யும்படி அரசு ரகசியம் காட்டிக் கேட்கவில்லை. விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், 2017 ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது. அந்த வழக்கில் அவர்கள் இருவரும் வாக்குமூலம் கொடுத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

இந்தியச் சட்டத்தில் இப்படி ஏதும் இருக்கிறதா?

உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, பிரிட்டிஷ் மரபிலிருந்து வந்தது. 1975-இல் ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆவணத்தைப் பார்த்து முடிவுசெய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றது. இங்கே சிக்கல் வேறு வடிவில் வந்தது: உறையிலிட்டு நீதிபதியிடம் மட்டும் கொடுக்கும் வழக்கம். 2023 ஏப்ரலில் மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், தேசப் பாதுகாப்பு என்று சொன்னாலே நியாயமான விசாரணைக்கான உரிமை ஓடிவிடாது என்றும், முத்திரையிட்ட உறைக்குப் பதில் பொதுநலன் விலக்குரிமை என்ற வழியை நாட வேண்டும் என்றும் கூறியது.

இவற்றுக்காக யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

சாட்சி பி-மீது வழக்குத் தொடுக்கப் போதிய சான்று இல்லை என்று பிரிட்டன் அரசு வழக்குத் துறை 2010 நவம்பரில் அறிவித்தது. இத்தாலியில், மிலான் தெருவில் 2003-இல் சி.ஐ.ஏ.வால் கடத்தப்பட்ட எகிப்திய மதகுரு அபு உமரின் வழக்கில் 2009-இல் 23 அமெரிக்கர்கள், அவர்கள் இல்லாமலேயே நடந்த விசாரணையில், குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஆனால் இத்தாலிய உளவுத் தலைவர்கள் அரசு ரகசியத்தைக் காட்டித் தப்பினார்கள். அது தண்டனையின்மைக்கே பயன்பட்டது என்று 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கண்டித்தது.

கைதிகள் தவறாக நடத்தப்பட்டதில் பிரிட்டனின் பங்கை ஆராயப் பிரதமர் கேமரன் 2010 ஜூலையில் அறிவித்த கிப்சன் விசாரணை, 2012 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. பிறகு நாடாளுமன்ற உளவு, பாதுகாப்புக் குழு ஆராய்ந்து 2018 ஜூனில் அறிக்கை தந்தது. கைதிகள் தவறாக நடத்தப்படுகிறார்கள் என்று அறிந்தோ ஐயுற்றோ இருந்த பிறகும், 232 சம்பவங்களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் நேச நாடுகளுக்குக் கேள்விகளையோ தகவல்களையோ கொடுத்திருந்தார்கள். முக்கியமான அதிகாரிகளை விசாரிக்க அரசு அனுமதிக்கவில்லை என்று குழு புகார் சொன்னது. நீதிபதி தலைமையில் புதிய விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை அரசு 2019 ஜூலையில் நிராகரித்தது.